முதலும் வட்டியும்

ஊர்ப் பெயர்கள் சில வேளைகளில் வரலாற்று ஏடுகளைக் காட்டிலும் மிகுதியாகப் பேசும். பாலாற்றங்கரையில் உள்ள ஆர்க்காடு என்னும் ஊரின் பெயரைப் பிரித்துப் பார்ப்போர் அதனுள் ஆர் என்னும் சொல்லையும் காடு என்னும் சொல்லையும் காண்பர். ஆர் என்பது ஆத்தி மரம். சோழ வேந்தர் சூடிய மாலை ஆத்தி மாலையே. ஆத்தி மரங்கள் அடர்ந்து நின்ற காடு ஆர்க்காடு ஆயிற்று என்று உரைப்பர் அறிஞர். அதன் மேற்கே உள்ள வேலூரின் பெயரை வேல மரத்தோடு இயைத்துக் கூறுவாரும் உளர். இன்று ஆர்க்காட்டில் ஆத்திக் காடு இல்லை. வேலூரில் வேலங்காடும் இல்லை. காடு மறைந்தது, பெயர் மட்டும் நின்றது.

எனினும் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்வோர் காட்டை முற்றும் இழந்துவிட்டனர் என்று சொல்லுதல் இயலாது. வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்குச் செல்லும் ஒருவர் தம் இடக்கைப் பக்கம் நோக்கினால், நீல நிறத்துடன் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்று அவருடன் வழிநடந்து வருவதுபோலத் தோன்றும். அதுவே சவ்வாது மலை. அதற்கு மேற்கே தனித்து நிற்பது ஏலகிரி. சவ்வாது மலையின் தென்புறத்துச் செங்கத்தை ஆண்ட நன்னன் என்னும் குறுநில மன்னனைப் பாடிய நூல் மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூல், மலையையும் காட்டையும் அவற்றில் வாழும் மக்களின் விருந்தோம்பலையும் விரிவாக எடுத்துரைப்பது. ஆகவே இம்மலைநாட்டுக் காடு தமிழர்க்குப் புதியதன்று, பழமையான உறவுடையது.

இம்மலைக்கும் அதன் அடிவாரத்து ஊர்களுக்கும் இடையே மற்றோர் உறவும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. இன்று அங்கே தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. கடைத்தெருவில் அழகாக அடுக்கி வைக்கப்பட்ட காலணியைக் காண்போர் அதன் பின்னே ஆட்டையும் மாட்டையும் நினைப்பர். மரத்தை நினைப்பார் அரியர். ஆனால் தோல் தோலாக நிலைப்பதற்கு முற்காலத்தில் மரமே துணை நின்றது.

உரித்த பச்சைத் தோல் விரைவில் அழுகி நாறும் இயல்புடையது. அதனை உப்பிட்டுக் காத்து, நீரில் அலசி, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் தசையையும் களைவர். பின்னர் மரப்பட்டையை இடித்து ஊறவைத்த துவர்நீரில் பல வாரங்கள் கிடத்துவர். அந்தத் துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு கலந்து, அழியும் பொருளை அழியாப் பொருள் ஆக்கும். இத்துவர்ப்புச் சத்தை நிரம்ப உடையது ஆவாரம்பட்டை. வேலம்பட்டையும் அவ்வாறே பயன்பட்டது. இறுதியில் கடுக்காய் நீரில் இட்டு நிறமும் மென்மையும் ஏற்றுவர். ஆவாரையோ காட்டு விளிம்பிலும் மேட்டு நிலத்திலும் வளர்வது. கடுக்காயோ சவ்வாது மலையில் வாழும் மக்கள் பொறுக்கித் திரட்டி, இறக்கிக் கொணர்வது. சென்னை மாகாணத்தில் இம்முறையில் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரோடு மேலைநாட்டுச் சந்தைகளில் மதிப்புப் பெற்றது. அந்த மதிப்பின் ஒரு பங்கு காட்டுக்கு உரியது.

ஆவாரம்பட்டை எடுப்போர் ஓர் உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். செடியை வேரோடு பிடுங்கினால் அது ஒரு முறையே பயன் தரும். தரையை ஒட்டி வெட்டி வேரையும் அடிக்கட்டையையும் விட்டுவைத்தால், மழை பெய்தவுடன் புதுத் தளிர் எழும். சில ஆண்டுகளில் மறுபடியும் பட்டை கிடைக்கும். முன்னவன் முதலைத் தின்றவன். பின்னவன் வட்டியைத் தின்றவன். காட்டைப் பேணி ஆளும் கலை முழுவதும் இந்த ஒரு கருத்தின் விரிவே ஆகும்.

இக்கருத்து மேலைநாட்டிலும் தோன்றியது. ஜெர்மனி நாட்டுச் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்கள் மிகுதி. சுரங்கத்தைத் தாங்குவதற்கும் வெள்ளியை உருக்குவதற்கும் மரம் வேண்டியிருந்தது. வெட்டி வெட்டிக் காடு குறைந்தபோது, சுரங்க ஆட்சியாளராக இருந்த கார்லோவிட்சு என்பார் 1713இல் ஒரு நூல் எழுதினார். வளர்வது எவ்வளவோ அவ்வளவே வெட்டுதல் வேண்டும் என்பது அந்நூலின் உயிர்க்கருத்து. வெள்ளியைத் தேடிய நாட்டில் பிறந்த அவ்வறிவு, வெள்ளியைக் காட்டிலும் விலையுயர்ந்ததாக இன்று உலகெங்கும் போற்றப்படுகின்றது.

தமிழ்நாட்டில் இவ்வறிவின் தேவையை உணர்த்தியது இருப்புப்பாதை. தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா வரை ஓடியது. பின்னர் அப்பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஆம்பூரையும் வாணியம்பாடியையும் சோலையார்பேட்டையையும் கடந்து, 1862இல் மேலைக் கடற்கரையை எட்டியது. தண்டவாளத்தின் அடியில் இடுவதற்குக் கட்டைகள் வேண்டும். எஞ்சின் எரிப்பதற்கு விறகு வேண்டும். நிலையம் கட்டுவதற்கு உத்தரம் வேண்டும். பாதையின் இருபுறமும் இருந்த காடுகள் அவற்றைக் கொடுத்துக் கொடுத்து மெலிந்தன. விரைவு என்னும் நன்மையைப் பெற்ற நாடு, அதன் விலையை மரத்தால் செலுத்தியது.

அதே 1856ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வனத்துறையும் தொடங்கப்பெற்றது என்பது எண்ணத்தக்கது. கிளெகார்ன் என்னும் மருத்துவர் அதன் முதற் காப்பாளராக அமர்த்தப்பட்டார். நோய் நாடி மருந்து கொடுக்கும் மருத்துவரிடமே காட்டின் நோயையும் நாடும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவர் தென்னிந்தியக் காடுகளைச் சுற்றிப் பார்த்து 1861இல் ஒரு நூல் வெளியிட்டார். 1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. அதன்படி காடுகள் அளந்து எல்லை வகுக்கப்பட்டுக் காப்புக்காடுகள் என்று அறிவிக்கப்பட்டன. சவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் காப்புக்காடுகள் பல உருவாயின.

காப்புக்காடு என்பது எவரும் தொடாமல் பூட்டி வைத்த காடு என்று சிலர் கருதுவர். அக்காலத்தில் அவ்வாறு இல்லை. அது கணக்கிட்டுப் பயன்கொள்ளும் காடாக இருந்தது. அக்கணக்குக்குக் கூப்பு முறை என்று பெயர். ஒரு காட்டை முப்பது கூறாகப் பகுத்ததாகக் கொள்வோர் அதன் இயல்பை எளிதில் உணர்வர். முதலாண்டில் முதற்கூறு மட்டும் வெட்டப்படும். வித்துக்கும் நிழலுக்கும் உரிய நல்ல மரங்கள் அதிலும் விட்டுவைக்கப்படும். வெட்டிய அடிக்கட்டைகளில் மறுதாம்பு தளிர்க்கும். அடுத்த ஆண்டு இரண்டாம் கூறு. அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் கூறு. இவ்வாறு முப்பதாம் கூறு வெட்டி முடிகின்ற காலத்தில், முதற்கூற்றில் முப்பது வயது மரங்கள் நிமிர்ந்து நிற்கும். ஆண்டுதோறும் விறகு வரும், காடும் குறையாது. வெட்டிய கூற்றினுள் தளிர் வளரும் வரை ஆடு மாடுகள் நுழையாமல் காப்பதே இம்முறையின் உயிர்நிலை. காப்பவர் அயர்ந்தால் கணக்கு ஏட்டில் நிற்கும். காடு நிலத்தில் நில்லாது.

விறகுக்கு அமைந்த கணக்கு எல்லா மரத்துக்கும் அமையாது. அகத்தே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் பகுத்தார் தொல்காப்பியர். அவர் கூறிய அகவைரத்துக்கு ஒரு மரத்தைச் சான்று காட்டுதல் வேண்டுமாயின், சந்தனத்தினும் சிறந்தது கிடைத்தல் அரிது. அம்மரத்தின் விலையெல்லாம் அவ்வைரத்தில்தான் உள்ளது. வெளிறு மணப்பதில்லை. இளமரத்தில் வைரம் இல்லை. முப்பது ஆண்டும் அதற்கு மேலும் பொறுத்திருப்பவர்க்கே சந்தனம் தன் செல்வத்தைக் காட்டும்.

சவ்வாது மலையும் ஏலகிரியும் சந்தனத்துக்குப் பெயர்போனவை. சந்தனத்தின் வாழ்க்கையே வியப்புக்குரியது. அது தன் வேரால் மட்டும் தனித்து வாழ்வதில்லை. மண்ணுக்குள் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரோடு பிணைத்து, அதனிடமிருந்து நீரும் சத்தும் பெறும். இலை பசுமையாக இருத்தலின் தன் உணவின் ஒரு பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும். பாதி உழைப்பும் பாதி உதவியுமாக வாழும் மரம் அது. அதன் கருநிறப் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் புதருக்குள் இடும். அப்புதரே இளங்கன்றுக்கு நிழலும் வேலியும் துணையும் ஆகும். புதர் வீண் என்று எண்ணி அதனை அழித்துச் சந்தனத்தை மட்டும் வளர்க்க முயன்றோர் தோல்வியுற்றனர். துணைமரம் இல்லாத இடத்தில் சந்தனம் செழிப்பதில்லை. சுற்றம் இன்றி ஒருவர் உயர்தல் இயலாது என்னும் உண்மையை மண்ணுக்குள் மறைத்து வைத்திருக்கின்றது அம்மரம்.

சந்தன மரத்தை வெட்டி எடுப்பது வழக்கமன்று. அகழ்ந்து எடுப்பதே வழக்கம். வேரிலும் எண்ணெய் உள்ளமையே அதற்குக் காரணம். முதிர்ந்து பட்டுப்போன மரங்களையும் பட்டுப்போகும் நிலையில் உள்ளவற்றையும் தேர்ந்து, எண்ணிட்டு, வேரோடு எடுத்து, மலையிலிருந்து இறக்கித் திருப்பத்தூரில் உள்ள அரசின் சந்தனக் கிடங்கில் சேர்ப்பர். அங்கே வெளிறு செதுக்கி நீக்கப்படும். வைரம் தனியே தரம் பிரிக்கப்படும். கட்டை ஒரு தரம். வேர் ஒரு தரம். சிராய் ஒரு தரம். மரம் அறுக்கும்போது உதிரும் தூளையும் கூட்டித் திரட்டி எடையிடுவர். ஏலம் நடைபெறும் காலங்களில் பல மாநிலத்து வணிகரும் திருப்பத்தூரை நாடி வந்தனர். அரசுக்குப் பெரும் வருவாய் தந்த கிடங்குகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும் சந்தனத்துக்குப் பகை பல. ஒன்று நோய். அந்நோய் பற்றிய மரத்தின் இலைகள் ஆண்டுக்காண்டு சிறுத்துக் கூர்மையாகி, கிளைகள் முட்கொத்துப்போல நிற்கும். சில ஆண்டுகளில் மரம் மாளும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடகு நாட்டில் கண்டறியப்பட்ட இந்நோய் பிற காடுகளுக்கும் பரவியது. மிக நுண்ணிய உயிரி ஒன்று இதற்குக் காரணம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மற்றொரு பகை நெருப்பு. கோடையில் எவரோ எறிந்த ஒரு பொறி, புதரையும் இளங்கன்றையும் ஒருங்கே அழித்துவிடும். மூன்றாம் பகை மனிதனின் பேராசை. விலை ஏற ஏறக் களவும் ஏறியது. இரவில் வந்தோர் முதிர்ந்த மரம் இது, இளமரம் இது என்று பார்க்கவில்லை. அகத்தே வைரம் இருக்கின்றதா என்று துளையிட்டுப் பார்த்தும் வெட்டியும் பாழாக்கினர். 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இம்மலைகளின் சந்தனம் பெரிதும் அருகியது. உலகில் அழிவுக்கு அஞ்சத்தக்க மரங்களின் வரிசையில் இன்று சந்தனமும் வைக்கப்பட்டுள்ளது. நூறாண்டு காத்த முதல், சில ஆண்டுகளில் கரைந்தது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். காட்டைக் காத்தவர் யார்? அழித்தவர் யார்? விடை எளிதன்று. சவ்வாது மலையின் உச்சியிலும் பள்ளங்களிலும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். மலையை ஆள்பவர் என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் பேசுவது தமிழே. சாமை விதைத்தும், தேன் எடுத்தும், புளியும் கடுக்காயும் திரட்டியும் வாழ்ந்த அம்மக்கள், சட்டம் வருவதற்கு முன்னரே காட்டோடு கலந்தவர்கள். எந்த மரத்தடியில் எந்தக் கிழங்கு இருக்கும், எந்தப் பாறைப் பிளவில் கோடையிலும் நீர் கசியும் என்பன அவர்களுக்குத் தெரியும். காப்புக்காட்டின் எல்லைக்கல் நட்டபோது, அவர்களுடைய பல வழக்குரிமைகள் அக்கல்லுக்கு அப்பால் போயின. நேற்றுவரை மகனுக்கு உரிமையாக இருந்த சுள்ளி, இன்று குற்றமாகத் தோன்றியது. காக்கும் துறைக்கும் வாழும் மக்களுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது.

உரிமையும் வேலையும் இல்லாத இடத்தில் தீயோரின் கூலி நுழையும். ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வளர்கின்றது. அதனைக் களவாக வெட்டுவதற்கு மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடிய தரகர் இம்மலைநாட்டு ஏழைகளை நாடினர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அக்காட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். அவர்களுள் சவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தோரும் இருந்தனர். மரத்தின் பெரும்பொருள் யாரிடமோ சென்றது. மரணம் மட்டும் மலைக்கு வந்தது. காட்டை ஆளும் கணக்கில் மரத்தை மட்டும் எண்ணி மனிதனை எண்ணாது விட்டால், அக்கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

இக்குறையை நாடு மெல்ல உணர்ந்து வருகின்றது. 1988இல் வெளியான தேசிய வனக் கொள்கை, காட்டின் முதற்பயன் வருவாய் அன்று. மண்ணையும் நீரையும் சூழலையும் காப்பதே என்று வகுத்தது. 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு ஒப்பிய செயல்திட்டத்தின்படி அன்றிக் காடுகளில் மரம் வெட்டுதல் ஆகாது என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பானிய உதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் ஒன்று நடைபெற்றது. அதன்கீழ் ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைந்தன. ஓடைகளில் தடுப்பணைகள் கட்டப்பட்டன. ஊராரே காவலரும் ஆயினர். 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், தலைமுறைகளாகக் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றது. சட்டம் ஏட்டிலிருந்து மலையேறுவதற்குக் காலம் ஆகும். எனினும் வழி திறந்துவிட்டது.

காடு மரம் தரும் இடம் மட்டும் அன்று. அறிவு தரும் இடமும் ஆகும். சவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், மரங்கள் சூழ்ந்த நிலத்தில், வானாராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகின்றது. வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960களின் பிற்பகுதியில் இவ்விடத்தைத் தேர்ந்தார். விண்மீனை நோக்குவோர் மண்ணில் வேண்டுவது இரண்டு: தூசு இல்லாத காற்று, விளக்கு இல்லாத இரவு. அவ்விரண்டையும் காடு காத்துக் கொடுத்தது. 1977 மார்ச்சுத் திங்களில் யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறிந்தபோது, அதனைக் கண்டு பதிந்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986 சனவரி 6ஆம் நாள் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. அதற்கு வைணு பாப்புவின் பெயரே இடப்பட்டது. 1988இல் அங்கிருந்து கண்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் வழங்கப்பட்டது. மரத்தடியில் நின்று விண்ணை அளந்த பெருமை இக்காட்டுக்கு உண்டு. அடிவாரத்து நகர்களின் ஒளி பெருகப் பெருக இவ்விருளின் அருமை மேலும் விளங்கும்.

காடு களைப்பாற்றும் இடமும் ஆகும். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடிவாரத்தில், அமிர்தி உள்ளது. 1967இல் அங்கே வனத்துறை சிறு விலங்ககம் ஒன்றை அமைத்தது. விடுமுறை நாளில் பிள்ளைகள் மான் கண்டு மகிழ்வதும், மழைக்காலத்தில் அருவியைத் தேடி நடப்பதும் அங்கே காணத்தக்கவை. சமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பீமன் அருவியும், ஏலகிரியைச் சார்ந்த சலகாம்பாறை அருவியும் அவ்வாறே மக்களை அழைக்கின்றன. ஏலகிரி ஏறும் பாதையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள் உள்ளன. தமிழ்ப் புலவர், வள்ளல் ஆகியோரின் பெயர்கள் அவ்வளைவுகளுக்கு இடப்பட்டுள்ளன. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பெயர் தாங்கிய ஒரு நாட்டில், மலையேறுவோர் எறியும் நெகிழிப் பையும் உடைந்த கண்ணாடிப் புட்டியும் காட்டுக்குள் கிடப்பது பொருந்துமா? கொடிக்குத் தேர் தந்த மரபில் வந்தோர் கொடியின் வேரில் குப்பையைத் தருதல் அழகன்று. காட்டுக்கு விருந்தினராகச் செல்வோர் விருந்தினருக்கு உரிய ஒழுக்கத்தோடு செல்லுதல் வேண்டும்.

இனித் தோல் தொழிலின் கதைக்கு மீளுதல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை பரிசோதிக்கப்பட்டது. பட்டைக்குப் பல வாரம் வேண்டியதை அவ்வுப்பு மிகக் குறுகிய காலத்தில் முடித்தது. 1970களில் அரைப்பதனிட்ட தோலுக்கு மாறாக முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்யும் கொள்கையை அரசு மேற்கொண்டபின், குரோமிய முறை இவ்வூர்களில் வேகமாகப் பரவியது. மரத்தின் மேல் இருந்த சுமை குறைந்தது என்று மகிழலாம். ஆனால் இறக்கிய சுமை எங்கே சென்றது? கழிவுநீராகப் பாலாற்றில் இறங்கியது. கிணற்று நீர் உவர்த்தது, வயல் வெளுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கெடுத்தவரே கேட்டைச் சீர்செய்யும் செலவை ஏற்றல் வேண்டும் என்னும் அறத்தை அத்தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. அதன்பின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் பற்றிய கவலை வலுப்பெற்றது.

காட்டிலிருந்து எடுத்தாலும் ஆற்றில் விட்டாலும் முதல் ஒன்றே. மலையில் காடு இருந்தால் மழைநீர் சருகில் தங்கி, மண்ணில் இறங்கி, ஊற்றாய்க் கசிந்து, ஓடையாய் நடந்து ஆற்றை அடையும். செய்யாறும் கமண்டல நாக நதியும் சவ்வாது மலையில் தோன்றியே சமவெளிக்கு வருகின்றன. காடு இல்லாத மலையில் விழுந்த மழை, மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். நீரும் நிலமும் மலையும் காடும் சேர்ந்ததே நாட்டுக்கு அரண் என்று வள்ளுவர் வகுத்தது, போர்க்களத்தை மட்டும் எண்ணி அன்று என்பதைப் பாலாற்றின் கரையில் நின்று பார்ப்போர் உணர்வர்.

மரம் வேண்டும், தொழில் வேண்டும், அறிவு வேண்டும், ஓய்வும் வேண்டும். இவற்றுள் ஒன்றையும் வேண்டா என்று ஒதுக்குதல் ஆகாது. ஒரே காடு இந்நான்கையும் தருதல் கூடும். ஆனால் தருவதற்கும் அளவு உண்டு. அவ்வளவை அறிந்து கொள்வதே ஆட்சி. அறியாது அள்ளுவது கொள்ளை. கொள்ளை இரவில் வருவோராலும் நிகழும்; பகலில் முத்திரையோடு வருவோராலும் நிகழும்; விடுமுறையில் வண்டியேறி வருவோராலும் நிகழும்.

பதினைந்து வயது மாணவன் ஒருவன் இன்று தன் வீட்டுப் பின்புறத்திலோ ஊர்ப் பொதுநிலத்திலோ ஒரு சந்தனக் கன்றை நடுகின்றான் என்று வைத்துக்கொள்வோர், அதன் பக்கத்தில் ஒரு துவரைச் செடியையும் நடச் சொல்வர். இளஞ்சந்தனத்துக்கு அது துணை. அம்மாணவன் நாற்பத்தைந்து வயதை எட்டும்போது அம்மரம் வைரம் பாய்ந்து நிற்கும். அதன் பயன் அவனுக்குக் கிட்டலாம். அவன் மகனுக்கே கிட்டினும் கிட்டலாம். முன்னோர் விட்டுச்சென்ற முதலின் வட்டியை இத்தலைமுறை உண்கின்றது. இத்தலைமுறை விட்டுச்செல்லும் முதல் எவ்வளவு என்பதை அடுத்த தலைமுறை மலையைப் பார்த்தே அறிந்துகொள்ளும். ஆர்க்காட்டில் காடு போய்ப் பெயர் மட்டும் நின்றது போல, சவ்வாது மலையிலும் பெயர் மட்டும் நிற்கும் நிலை வாராதிருத்தல் வேண்டும்.